மெழுகுப்பால்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்த செய்தி உன் சிநேகிதன் சொல்லித்தான் தெரிந்தது. நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும். புது ஊர், புது மில், கை ஓய்ந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். போனில் கூப்பிட்டால் "ம்", "சரிக்கா", "வைக்கட்டுமா" என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கடிதத்துக்கு யாரும் "ம்" என்று பதில் போட முடியாது, பார்.

நானும் குட்டியும் இருக்கிறோம். சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அவளுக்குப் புதுப் பல் ஒன்று கோணலாக முளைத்திருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று நாக்கால் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். உன் அத்தானின் சட்டைகளை மடித்து மேல் தட்டில் வைத்துவிட்டேன். யாருக்காவது கொடுக்கலாம் என்கிறார்கள். கொடுக்கிறேன், இப்போது இல்லை.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். அதே ஹால், அதே மேஜை. முதல் நாள் நான் நுழைந்ததும் அத்தனை பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். தாள் சரசரக்கிற சத்தம்தான் கேட்டது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில் பக்கத்து மேஜை நெட்டைதான் வாயைத் திறந்தாள். "ஏண்டி, எல்லாரும் இப்படிச் சிலை மாதிரி நிக்கிறீங்களே, வந்தவளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கணும்னு யாருக்காவது தோணுதா? நானேதான் வாங்கணுமா?" என்றாள். வாங்கியும் கொடுத்தாள். சர்க்கரையே இல்லை. குடித்தேன்.

கட்டுக் கட்டாக வெட்டி வருகிற தாளை விசிறிப் பார்த்து, கிழிசல், புள்ளி, மடிப்பு உள்ளதை உருவிப் போடுவதுதான் வேலை. கை தானாகச் செய்கிறது. அதில் கஷ்டமில்லை.

கஷ்டம் போகிற வழியில்தான் இருக்கிறது. டோக்கன் போட்டுவிட்டு ஹாலுக்குப் போக, குடோன் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தச் சுவரில் இப்போது ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். சரிந்து கிடக்கிற தாள் அடுக்கின் போட்டோ, கீழே உன் அத்தானின் முழுப் பெயர், டோக்கன் நம்பர். "பணியாளர் அளவுக்கு மீறியும் சீரற்றும் அடுக்கியதால் நேர்ந்த உயிரிழப்பு" என்று பெரிய எழுத்தில். புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாளே அங்கே கூட்டிவந்து நிறுத்திப் பாடம் நடத்துகிறார்கள். நேற்று நான் போகும்போது ஒருவர் நடத்திக்கொண்டிருந்தார். "இவர் பண்ணின மாதிரி நீங்க பண்ணக்கூடாது" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைக்கூட வந்து நேராக்கி வைத்துவிட்டுத்தான் போவார், அவரா கோணலாக அடுக்கினார்? உனக்கே தெரியும்.

குளிருக்கு நல்ல போர்வை வாங்கிக்கொள். பதில் எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். ஒரு அறையில் நாலு பேர். ஜன்னலைத் திறந்தால் கார்கள் நிறுத்துகிற இடம்தான் தெரியும். சமையல் முறை போட்டுச் செய்கிறோம். என் முறை வரும் நாளில் மற்றவர்கள் வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இங்கேயும் சைஸ் ரூம்தான், கூழில் மெழுகுப்பால் கலக்கிற வேலை. ஆனால் நம் மில் மாதிரி இல்லை. வால்வைக் கையால் தொடவே விடுவதில்லை. கண்ணாடித் திரையில் எண்ணை அழுத்தினால் தேவையான அளவு பால் தானாக இறங்குகிறது. நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அறிவிப்பைப் பார்க்காதே அக்கா. கேன்டீன் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் ஹாலுக்குப் பின்வாசல் வழியாகப் போகலாம். கொஞ்சம் நடைதான். மில்லில் இப்படி ஒட்டுவார்கள், கொஞ்ச நாளில் வேறு ஒன்று வந்து அதன் மேல் ஒட்டிவிடும். நீ மனதை அலட்டிக்கொள்ளாதே.

போர்வை வாங்கிவிட்டேன். குட்டிக்கு முத்தம்.

தம்பி


மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

கேன்டீன் வழி பார்த்தேன். பின்வாசலைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதில்லாவிட்டாலும் நான் சுற்றிப் போக மாட்டேன். நான் எதற்கு ஒளிந்து போக வேண்டும்?

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் குட்டி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் நின்றாள். "அம்மா, அப்பாவுக்கு அடுக்கத் தெரியாதா?" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். கூடப் படிக்கிற பெண்ணின் அப்பாவும் நம் மில்தான். வீட்டில் பேசியிருக்கிறார்கள், அது இங்கே வந்திருக்கிறது. "தெரியும்டி, அவரை மாதிரி அடுக்க அங்க ஆளே கிடையாது" என்றேன். "அப்புறம் ஏன் அப்படி எழுதி ஒட்டியிருக்காங்க?" என்றாள். நான் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றினேன். அவளும் விட்டுவிட்டாள். அப்படி விடுகிற பிள்ளையா அவள்? ஒரு மிட்டாய்க்கே நாள் முழுக்க உயிரை எடுப்பாளே.

பிறகு சோறு போடும்போது, பேச்சை மாற்றத்தானோ என்னவோ, "மாமாவுக்கு அங்க என்ன வேலை?" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். தாளைச் சும்மா விட்டால் துணி மாதிரி, ஒரு சொட்டு மை பட்டாலும் உறிஞ்சிப் பரவிவிடும். தாள் செய்கிற கூழிலேயே மெழுகுப்பாலைக் கலந்துவிட்டால் மை ஊறாமல் போட்ட இடத்தில் நிற்கும். அந்தப் பாலை அளந்து விடுகிறவர்தான் உன் மாமா என்றேன். "நிறைய விட்டுட்டா என்ன ஆகும்?" என்றாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது.

நிறைய விட்டால் தாள் வழுக்கும். எனக்குத் தெரியும். அந்த வாரம் வழுக்கியது. அவர் போவதற்கு முந்தின நாள் என் மேஜைக்கு வந்த கட்டை விசிறவே முடியவில்லை, ஒன்றன்மேல் ஒன்று நிற்காமல் ஓடியது. நெட்டை, "என்னடி இது, உயிரோட இருக்கிற மீனை எண்ணச் சொல்றாங்களா?" என்றாள். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தத் தாளைத்தான் சுற்றிக் கட்டாமல் மரப்பலகைகளில் ஏற்றிக் குடோனுக்கு அனுப்பினார்கள். அதைத்தான் அவர் எப்போதும் அடுக்குகிற உயரத்துக்கு, எப்போதும் போல நேராக அடுக்கினார். கீழ்ப் பலகையைச் சரி பார்க்கக் குனிந்தபோது மேலே உள்ளது அப்படியே நழுவி வந்திருக்கிறது. உயரமுமில்லை, கோணலுமில்லை. தாள் நிற்கவில்லை.

இதை சேஃப்டி சாரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லிக் கேட்டார். "அம்மா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா தாள் வழுக்குச்சுன்னு யாரும் எழுத்துல குடுக்கலையே. விழுந்த அடுக்கையும் அன்னைக்கே கரைச்சுக் கூழாக்கிட்டாங்க. இப்ப நான் எதை வச்சுப் பேசறது?" என்றார். பிறகு அவரே, "அந்த வாரம் சைஸ் ரூம்ல இருந்தவர், பாலைக் கூட்டி விட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். அந்த நோட்டீஸை நானே கிழிச்சுட்டு விசாரணையைத் திரும்பத் திறக்கச் சொல்றேன்" என்றார்.

அந்த வாரம் சைஸ் ரூமில் இருந்தது நீ.

தம்பி, உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எந்த வேலையிலும் கை கூடும், குறையும். கூடியதா இல்லையா, அதை மட்டும் அவருக்கு எழுது. விலாசம் கீழே போட்டிருக்கிறேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் படித்தேன். திரும்பி வரும்போதும் படித்தேன்.

நான் எழுதுவது நல்லதில்லை அக்கா. யோசித்துப் பார். நான் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பழைய மில்லிலிருந்து கேட்டு எழுதினால் இங்கே இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதுவுமில்லாமல் விசாரணை என்று திறந்தால் யார் யாரையோ இழுப்பார்கள். நீ அங்கேயே வேலை செய்கிறவள். உனக்கும் தொல்லை வரும். அத்தான் திரும்பி வரப் போவதில்லை.

குட்டி சின்னப் பிள்ளை, மறந்துவிடுவாள். வேண்டுமானால் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். நான் ஏற்பாடு செய்கிறேன்.

இங்கே வெயில் வர ஆரம்பித்திருக்கிறது. கோபப்படாதே.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

கோபப்படாதே என்று எழுதியிருக்கிறாய். கோபப்பட்டால் உனக்குத் தெரியும்படி படுவேன், கவலைப்படாதே.

வேறு பள்ளிக்கூடமாம். அங்கே மில்லுக்காரர் வீட்டுப் பிள்ளை இருக்காதா? இருந்தால் அடுத்ததாக வேறு ஊரா? அப்பாவைப் பற்றி யாரும் பேசாத இடமாகத் தேடித் தேடி நான் அவளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், நீ அங்கே வெயில் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

மறந்துவிடுவாள் என்கிறாய். அப்பா செத்ததை அவள் மறக்க மாட்டாள். தப்பாக அடுக்கியதால் செத்தார் என்பதையும் சேர்த்துத்தான் நினைவில் வைத்திருப்பாள். இப்போதே விளையாட்டுச் சாமான்களை அடுக்கி வைக்கிறாளா, இரண்டாவதுக்கு மேல் மூன்றாவதை வைப்பதில்லை. நான் பார்த்தேன்.

உன்னை நம் மில்லில் சேர்த்தது யார்? ஃபோர்மேன் வீட்டு வாசலில் போய் நின்றது யார்? "மச்சானுக்குக் கை நிதானம், நான் பொறுப்பு" என்று உன் அத்தான்தானே வாக்குக் கொடுத்தார். நீ எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்துக் குறட்டை விட்ட வருஷமெல்லாம், "அவன் தூங்கட்டும், மெதுவா நட" என்று எனக்குத்தான் அதட்டல் விழும்.

அவர் மட்டுமா? நானும் உனக்காக எத்தனை தடவை அந்த சைஸ் ரூம் ஜன்னலுக்கு ஓடி வந்திருக்கிறேன்? லேப்காரர் பார்ப்பதற்கு முன்னால், ஃபோர்மேன் உன்னைக் கத்துவதற்கு முன்னால், தாள் ஊறுகிறது, பார்த்துக்கொள் என்று யார் வந்து சொன்னது? பத்துப் பேர் முன்னால் உனக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்றுதானே. எனக்கு அதில் என்ன லாபம்?

நான் உன்னிடம் கேட்டது ஒரு வரி. அதற்கு நீ எழுதியது ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை.

உனக்குப் பயம் என்றால் பயம் என்று எழுது. வேலை போய்விடும் என்றால் அதை எழுது. ஆனால் அவர் பெயர் அந்தச் சுவரில் இருக்கிற வரைக்கும், தம்பி நன்றாக இருக்கிறானா என்று யாராவது கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன்.

இதற்கும் சுற்றி வளைத்துப் பதில் எழுதுவதானால் எழுதாதே. பிரிக்க மாட்டேன்.

அக்கா


மே 6

அக்கா,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். முழுக்கப் படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

பாலைக் கூட்டி விட்டேன். வால்வைத் திறந்தது என் கைதான். அந்த ஷிப்ட் முழுக்க அப்படியே ஓடவிட்டேன். தேவையைவிட ரொம்ப அதிகம்.

ஏன் என்று கேட்பார்கள் அக்கா. சேஃப்டி சார் முதலில் அதைத்தான் கேட்பார். லேபிலிருந்து கூட்டச் சொல்லித் தாக்கல் வரவில்லை, ஃபோர்மேன் சொல்லவில்லை. அப்படியானால் எதைப் பார்த்துக் கூட்டினாய்? அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அதனால்தான் எழுதவில்லை. வேலைக்காகப் பயந்து இல்லை. நீ என்னை அப்படி நினைத்தால் நினைத்துக்கொள் என்று விட்டிருந்தேன். உன் கடைசிக் கடிதத்தில் நீயே அந்த ஜன்னலைப் பற்றி எழுதிவிட்டாய்.

மை ஊறாமலிருக்கப் போட்டுவந்த பழைய பிசினையும் படிகாரத்தையும் நிறுத்தி, புது மெழுகுப்பால் ஆரம்பித்தது அந்த வாரம்தான். அதை விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். "இது பழைய பிசின் மாதிரி இல்லப்பா. மிஷினை விட்டு இறங்கினதும் மை வச்சுப் பார்த்தா ஊறத்தான் செய்யும். பயந்து கூட்டிடாதீங்க. ஒரு நாள் சும்மா கிடக்கட்டும், தானா இறுகிடும்" என்றார். எங்களுக்கும் லேபுக்கும்தான் சொன்னார். உங்கள் ஹாலுக்கு யாரும் சொல்லவில்லை.

நீ எப்போதும் போல மிஷின் பக்கம் வந்து சூட்டோடு சூடாக ஒரு துண்டு கிழித்திருக்கிறாய். பேனா மையை வைத்துப் பார்த்திருக்கிறாய். பிசின் காலத்தில் அதுதான் சரியான வழி, நீ சொல்லித் தப்பானதே இல்லை. ஜன்னலுக்கு வந்து அந்தத் துண்டை நீட்டினாய். மை பூ மாதிரி பரவியிருந்தது. "டேய், உன் தாள் உறிஞ்சி எடுக்குது. ஃபோர்மேன் கண்ணுல படறதுக்குள்ள சரி பண்ணு" என்றாய். நான், "இல்லக்கா, நாளைக்குத் தானா சரியாயிடும்னு சொல்லியிருக்காங்க" என்றேன். நீ சிரித்தாய். "ஆமா, நாளைக்குத் தானா திருந்திடும், உன்னை மாதிரி" என்றாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு வால்வைத் திறந்தேன்.

கம்பெனிக்காரரை எனக்கு இரண்டு நாளாகத்தான் தெரியும். உன்னை நான் பிறந்ததிலிருந்து தெரியும். வேறு ஒன்றும் நான் யோசிக்கவில்லை.

கூட்டிவிட்ட தாள் மறுநாள் இறுகியபோது, வழவழவென்று ஆகிவிட்டது. அடுக்கு விழுந்தது என்று கேட்டு நானும் ஓடி வந்தேன். அத்தானைத் தூக்கிக்கொண்டு போன பிறகு கீழே கிடந்த ஒரு தாளை எடுத்தேன். விரலில் நிற்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ ஒரு பக்கம் அலறிக்கொண்டிருந்தாய். நான் எப்படிச் சொல்வது? புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய், உன் பேச்சைக் கேட்டுத்தான் என்று சொல்ல முடியுமா? உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் கேட்டதும் கிளம்பிவிட்டேன்.

நானாகத்தான் கூட்டினேன் என்று பொய் எழுதலாம் என்றும் பார்த்தேன். நீ ஜன்னலில் நின்றதை நெட்டை பார்த்தாள், மிஷின்காரர்கள் பார்த்தார்கள். தோண்டினால் வந்துவிடும். விசாரணையைத் திறக்காமல் இருந்தால் உனக்குத் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன். செத்தவருக்கு ஒரு பெயர் கெட்டால் அவருக்கு வலிக்கப் போவதில்லை, நீ உயிரோடு இருக்கிறாய், உன்னால் இதைச் சுமக்க முடியாது என்று கணக்குப் போட்டேன்.

இனி நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி


மே 25

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு அரிசியைக் களைந்து போட்டேன். சோறு குழைந்துவிட்டது. குட்டி, "கூழா இருக்கும்மா" என்றாள். சாப்பிட்டுவிட்டோம்.

அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உன் மேல் ஆத்திரம் வருகிறதா என்று பார்த்தேன், அதுவும் சரியாக வரவில்லை. நீ எழுதியது உண்மைதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. மறுநாள் மிஷின் பக்கம் போய், இறங்குகிற ரீலிலிருந்து ஒரு துண்டு கிழித்து மை வைத்தேன். பரவியது. இன்னொரு துண்டை என் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்து, அடுத்த நாள் எடுத்து மை வைத்தேன். உருண்டு நின்றது. ஊதினால் ஓடியது. இத்தனை மாதமாக அந்தத் தாளைத்தான் கையால் தள்ளிக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ சொன்னாய், சிரித்துவிட்டேன்.

அன்று மதியமே சேஃப்டி சாரிடம் போனேன். எல்லாம் சொன்னேன். ஜன்னலுக்கு வந்தது, துண்டை நீட்டியது, நீ சொன்னது, நான் கேலி செய்தது வரைக்கும். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்துவிட்டார். "அம்மா, இதை நான் எழுதிக்கிட்டா உங்க பேர் வரும். நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார். "சுவர்ல ஏற்கெனவே எங்க வீட்டுப் பேர்தானே சார் இருக்கு. ஆள் மட்டும்தான் தப்பு" என்றேன். அவர் தண்ணீர் கொடுத்தார். பிறகு, "உங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்கணும். அது எங்க பக்கத்துத் தப்பு" என்றார். அதையும் எழுதுங்கள் என்றேன். எழுதினாரா என்று தெரியவில்லை. மிஷின் பக்கம் போகக்கூடாது என்று எனக்கு ஒரு உத்தரவு வந்திருக்கிறது. வேலையை விட்டு எடுக்கவில்லை, இதுவரைக்கும்.

நெட்டையிடம் சொன்னேன். எவளோ சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லலாம் என்று. அவள் தாளை விசிறிக்கொண்டே கேட்டாள். "நான் உன்னை அங்க பார்த்தேன்டி. இதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு போய் டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

இனி நீ போட்ட கணக்கைப் பற்றி.

எனக்காகத்தான் செய்தாய், தெரியும். நீ வேறு யாருக்காக இப்படிச் செய்வாய்? ஆனால் நான் தாங்க மாட்டேன் என்று நீயே முடிவு செய்து, என்னுடைய தப்பை எடுத்து அவர் மேல் வைத்துவிட்டாய். அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவர் உயிரோடு இருந்திருந்தால், "பரவாயில்ல, என் மேல போடு" என்று அவரே சொல்லியிருக்கவும் கூடும். அது அவர் சொல்ல வேண்டியது. நீ எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை. வலிக்காது என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் இன்னும் படிக்க முடியவில்லை. அவருடைய மகளுக்கு வலித்தது, நீ பார்க்கவில்லை.

அவளிடமும் சொன்னேன். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அம்மா ஒரு தப்புப் பண்ணிட்டேன் என்று ஆரம்பித்தேன். புதுப்பால், பழைய பிசின், மாமா, ஜன்னல் எல்லாம் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். தாள் வழுக்கியதால்தான் சரிந்தது, வழுக்கியதற்கு நானும் காரணம் என்றேன். உன்னைப் போலவே அவளும் என் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அவள் பல்லை நாக்கால் ஒரு தள்ளுத் தள்ளினாள். பிறகு, "அப்ப அப்பா சரியாத்தான் அடுக்கினாரா?" என்றாள்.

"சரியாத்தான் அடுக்கினார்" என்றேன்.

"நேரா?"

"நேராத்தான்."

சரி என்று எழுந்து விளையாடப் போய்விட்டாள். பெரியவளானால் மிச்சத்தையும் கேட்பாள். கேட்கட்டும். இருக்கிறேன், பதில் சொல்கிறேன்.

அறிவிப்பு இன்னும் சுவரில்தான் இருக்கிறது. நான் சொன்னது மட்டும் போதாதாம். சேஃப்டி சார் இந்த வாரம் உனக்கு எழுதுவார். எவ்வளவு கூட்டினாய், எப்போது கூட்டினாய், எதைப் பார்த்துக் கூட்டினாய் என்று கேட்பார். நடந்ததை நடந்தபடி எழுது. அக்கா பாவம் என்று நடுவில் எங்கேயாவது உன் மனசு இளகும், எனக்குத் தெரியும். அப்படி இளகினால் பேனாவை வைத்துவிட்டு வெளியில் போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்து எழுது. என்னை விட்டுவிட்டு எழுதாதே.

அவருக்கு அனுப்பிய பிறகு எனக்கு எழுது. அதுவரை வேண்டாம்.

அக்கா